ஒரே குளம், இரண்டு கைபேசிகள், மூன்று விடைகள்: குளநீர் வேதியியல் கணிப்பான் செயலியின் கோளாறுகள் குறித்த நிகழ்வு ஆய்வு

நீச்சல் குளத்து நீரின் சோதனை அளவுகளை உள்ளிட்டால், எந்த வேதிப்பொருளை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கணித்துச் சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றை, ஒரே குளத்தைப் பராமரிக்கும் இருவர் தத்தம் கைபேசிகளில் பயன்படுத்தி வந்தனர். ஒருவர் குளத்தின் பொறுப்பாளர். மற்றவர் நாள்தோறும் நீரைச் சோதித்து மருந்து சேர்க்கும் பணியாளர். ஒரே நீர் மாதிரிக்கு இருவர் கைபேசிகளும் வெவ்வேறு அளவுகளைக் காட்டத் தொடங்கியபோது, பணியாளரின் கைபேசியில்தான் பழுது என்ற முடிவுக்கு முதலில் வந்தனர். செயலியை அழித்துவிட்டு மீண்டும் நிறுவிப் பார்த்தனர். வேறுபாடு அப்படியே இருந்தது. அதன் பிறகே இந்த ஆய்வு தொடங்கியது.

புகார்கள் நான்கு வகையாக இருந்தன. சோடியம் பைகார்பனேட்டின் அளவும் திரவக் குளோரினின் அளவும் பணியாளரின் கைபேசியில் எப்போதும் குறைவாக இருந்தன. சில நாட்களில் மட்டும் குளோரினே தேவையில்லை என்று அது கூறியது. அமிலத்தின் அளவோ பெரிதாக இருந்தது. நீரின் சமநிலையைக் காட்டும் லாங்கிலியர் குறியீட்டெண் பொறுப்பாளரின் கைபேசியில் ஏறத்தாழப் பூச்சியமாகவும், பணியாளரின் கைபேசியில் அரிக்கும் தன்மையைச் சுட்டும் அளவுக்கு எதிர்மறையாகவும் வந்தது. இவை தவிர, நிறைய குளோரின் சேர்த்த மறுநாள் காலையில், மீண்டும் அதே அளவு சேர்க்கும்படி செயலி சொன்னதாகவும் ஒரு புகார் இருந்தது.

ஆய்வு முடியும் வரை செயலி சொல்லும் அமில அளவை முழுமையாகச் சேர்க்க வேண்டாம் என்பதே முதல் அறிவுறுத்தல். கைக்கணக்கில் சரிபார்த்த அளவில் பாதியைச் சேர்த்து, நீரை நன்கு சுழலவிட்டு, மறுபடி சோதித்த பின்னரே மீதியைச் சேர்க்க வேண்டும். அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றோடொன்று கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஊற்றக் கூடாது. ஒரே அளவுக் குவளையையும் பயன்படுத்தக் கூடாது. செயலியில் நேரும் பிழை திரையோடு நிற்பதில்லை, மனிதர் இறங்கும் நீருக்குள் போகிறது என்பதால் இந்த எச்சரிக்கையை ஆய்வின் முடிவில் அல்ல, தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்.

கைக்கணக்கு என்னும் அளவுகோல்

இரண்டு கைபேசிகள் முரண்படும்போது ஏதோ ஒன்று சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதால் எது சரி என்பது தெரியவராது. இரண்டுமே தவறாக இருக்கலாம். செயலிக்கு வெளியே நிற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். வேதியியல் சமன்பாடுகளிலிருந்து தாளில் போட்ட கணக்கே இங்கு அந்த அளவுகோலாயிற்று.

குளம் செவ்வக வடிவமானது: நீளம் 10 மீட்டர், அகலம் 5 மீட்டர், ஆழம் 1.2 மீட்டரிலிருந்து 1.8 மீட்டர் வரை சீராகச் சரிகிறது. சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்பதால் கொள்ளளவு 75 கன மீட்டர், அதாவது 75,000 லிட்டர். ஒரு கன மீட்டர் நீரில் ஒரு கிராம் பொருள் கரைந்தால் அது ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற எளிய உறவை மனத்தில் வைத்துக்கொண்டால் எஞ்சிய கணக்குகள் எல்லாம் சுலபமாகிவிடும்.

முதலில் எந்தப் பொருளைச் சோதிப்பது என்பதில் கவனம் தேவை. ஒரே நேரத்தில் பல காரணிகள் நுழையும் அமிலக் கணக்கில் தொடங்கினால் பிழை எங்கே என்று பிரித்தறிய முடியாது. ஆகவே சோடியம் பைகார்பனேட் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது திடப்பொருள் என்பதால் அடர்த்தி என்ற காரணி கணக்கில் வருவதில்லை; வணிகத்தில் கிடைப்பதும் ஏறக்குறையத் தூய்மையானது. அமிலத்தை ஈடுசெய்யும் நீரின் திறனான மொத்தக் காரத்தன்மை கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்படுகிறது. அதன் சமான எடை, அதாவது ஒரே அளவு அமிலத்தை ஈடுசெய்யத் தேவையான எடை, 50; பைகார்பனேட்டின் சமான எடை 84. எனவே காரத்தன்மையை ஒரு பிபிஎம் உயர்த்த, கன மீட்டருக்கு 1.68 கிராம் தேவை. சோதனையில் காரத்தன்மை 70 ஆக இருந்தது. அதை 100-க்கு உயர்த்த 30 × 1.68 × 75 = 3,780 கிராம் வேண்டும்.

பொறுப்பாளரின் கைபேசி 3.78 கிலோ என்றது. பணியாளரின் கைபேசி 3.15 கிலோ என்றது. பின்னதை முன்னதால் வகுத்தால் 0.833 வருகிறது. அந்த எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், இவ்விரண்டின் விகிதம் சரியாக 0.833. குளத்தின் பழைய வரைபடத்தில் கொள்ளளவு 16,500 கேலன் என்று குறிக்கப்பட்டிருந்தது. அது பிரிட்டிஷ் கேலன். பணியாளர் அந்த எண்ணை அப்படியே உள்ளிட்டிருந்தார். செயலியிலோ எந்தக் கேலன் என்ற விளக்கம் இன்றி வெறுமனே ‘கேலன்’ என்று ஒரே ஒரு தெரிவுதான் இருந்தது. உள்ளே அது அமெரிக்க கேலனாகக் கணக்கிடப்பட்டது. அதனால் செயலியின் பார்வையில் அந்தக் குளத்தில் 62,460 லிட்டர் நீரே இருந்தது. எண்ணை உள்ளிட்டவர் மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. இரண்டு பொருள் கொள்ளத்தக்க ஓர் அலகை விளக்கமின்றி முன்வைத்ததே தவறு.

செயலியை அழித்து மீண்டும் நிறுவியும் பயன் இல்லாமல் போனதற்கும் இதுவே விடை. பிழை செயலியின் கோப்புகளில் இல்லை, சேமித்த தரவில் இருந்தது. கணக்கில் மீண்டும் நுழைந்தவுடன் பழைய குள விவரம் இணையச் சேமிப்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இத்தகைய சிக்கலில் செயலியை அழிப்பதற்கு முன்பு குள விவரத்தைத் திறந்து, சேமிக்கப்பட்ட கொள்ளளவைக் கன மீட்டரில் மாற்றிப் பார்ப்பதே பயன் தரும்.

திரவக் குளோரின்: ஒன்றின்மேல் ஒன்றாக இரு பிழைகள்

குளோரினை 1 பிபிஎம்-லிருந்து 3 பிபிஎம்-க்கு உயர்த்த, 75 கன மீட்டருக்கு 150 கிராம் குளோரின் வேண்டும். பயன்பாட்டில் இருந்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலின் வலிமை 12.5 சதவீதம், 100 மில்லிலிட்டரில் 12.5 கிராம் குளோரின் கிடைக்கும் என்பது கொள்கலனில் ஒட்டிய சிட்டையின் பொருள். ஆகவே தேவை 1,200 மில்லிலிட்டர். பணியாளரின் கைபேசி காட்டியது 861. பொறுப்பாளரின் கைபேசி காட்டியது 1,034.

இங்கேதான் பொறுப்பாளரின் கைபேசி மீது இருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. 1,034-ஐ 1,200-ஆல் வகுத்தால் 0.862. ஒன்றை 1.16-ஆல் வகுத்தால் வருவதும் இதே எண். 1.16 என்பது ஏறத்தாழ அந்தக் கரைசலின் ஒப்படர்த்தி. அதாவது, சிட்டையில் கன அளவை அடிப்படையாகக் கொண்ட சதவீதத்தைச் செயலி எடைச் சதவீதமாக எடுத்துக்கொண்டு, முதலில் 1,200 கிராம் கரைசல் வேண்டும் என்று கணித்து, பிறகு அதை அடர்த்தியால் வகுத்து மில்லிலிட்டராக்கியிருந்தது. இந்தப் பிழை இரு கைபேசிகளுக்கும் பொது. பணியாளரின் கைபேசியில் இதனோடு கேலன் பிழையும் சேர்ந்து, 0.833 × 0.862 = 0.718 என்று இரண்டும் பெருகி நின்றன. பைகார்பனேட்டை முதலில் சோதித்துக் கொள்ளளவுப் பிழையைத் தனியே பிரித்து வைத்திருக்காவிட்டால், 0.718 என்ற எண் எதையும் உணர்த்தியிருக்காது.

விகிதத்தைத் தடயமாகக் கொள்ளும் இந்த முறை எனக்கு மிகவும் நம்பகமானதாகப் படுகிறது. அலகுப் பிழைகள் தற்செயலான எண்களை உண்டாக்குவதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய எண் உண்டு. விகிதம் 3.785 என்றால் லிட்டரும் அமெரிக்க கேலனும் குழம்பியிருக்கின்றன, 2.2 என்றால் கிலோவும் பவுண்டும், 1.04 என்றால் எடை அவுன்சும் திரவ அவுன்சும், 17.8 என்றால் ஜெர்மானியப் பாகையில் அளந்த கடினத்தன்மை பிபிஎம் ஆக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. விகிதம் எந்த உள்ளீட்டுக்கும் மாறாமல் நின்றால் அலகைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளீட்டோடு சேர்ந்து மாறினால் சூத்திரத்தையோ விடுபட்ட காரணியையோ தேட வேண்டும்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். ஹைப்போகுளோரைட் கரைசல் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வலிமை இழக்கும். சிட்டையில் 12.5 என்று இருந்தாலும், நாள்பட்ட கொள்கலனில் அவ்வளவு இராது. சரியான அளவைச் சேர்த்த பிறகும் குளத்தில் குளோரின் எதிர்பார்த்த அளவுக்கு உயராவிட்டால், அதைச் செயலியின் மேல் ஏற்றக் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு சேர்த்து, நீர் நன்கு சுழன்றதும் அளந்தால், கரைசலின் உண்மையான வலிமையைக் குளமே சொல்லிவிடும்.

காற்புள்ளி உண்டாக்கிய அமில அளவு

ஆய்வில் மிகவும் கவலை அளித்தது இந்தப் பகுதி. பணியாளரின் கைபேசியில், நீரின் அமிலத்தன்மையைச் சுட்டும் பிஎச் அளவை 7.6, 7.8, 8.0 என்று மாற்றி மாற்றி உள்ளிட்டபோதும், அமிலத்தின் அளவு மட்டும் இம்மியும் அசையவில்லை. உள்ளீடு மாறியும் விடை மாறாத கணிப்பானில், அந்த உள்ளீடு கணக்கைச் சென்றடையவில்லை என்று பொருள்.

அந்தக் கைபேசியின் வட்டார அமைப்பு, தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடும் வழக்கத்துக்கு உரியதாக இருந்தது. ஆகவே எண் விசைப்பலகையில் புள்ளி இல்லை. காற்புள்ளி மட்டுமே இருந்தது. பணியாளர் ‘7,8’ என்று உள்ளிட்டார். செயலியோ காற்புள்ளியை ஆயிரத்தைப் பிரிக்கும் குறியாகக் கொண்டு நீக்கிவிட்டு, 78 என்று படித்தது. 78 என்ற பிஎச் இருக்க முடியாது என்பதை அது அறிந்திருந்தது. ஆனால் அதைப் பயனரிடம் சொல்லாமல், தனக்கு விதிக்கப்பட்ட மேல் வரம்பான 8.5-க்கு அமைதியாகக் குறைத்துக்கொண்டது. பிறகு 8.5-லிருந்து இலக்குக்கு இறக்கத் தேவையான அமிலத்தைக் கணித்தது. 7.6 என்றாலும் 8.0 என்றாலும் உள்ளே 8.5 தான்.

சில நாட்களில் மட்டும் குளோரின் வேண்டாம் என்று சொன்ன புதிரும் இதனோடு அவிழ்ந்தது. குளோரின் 1 என்றோ 2 என்றோ முழு எண்ணாக வந்த நாட்களில் காற்புள்ளி இல்லை, சிக்கலும் இல்லை. ‘1,5’ என்று உள்ளிட்ட நாட்களில் அது 15 ஆயிற்று; குளோரின் மிகுந்திருப்பதாக எண்ணிய செயலி எதுவும் சேர்க்க வேண்டாம் என்றது. விட்டுவிட்டு வரும் கோளாறு என்று பயனர்கள் சொல்வதில் பெரும்பாலானவை இப்படித்தான்: கோளாறு எப்போதும் இருக்கிறது, அதைத் தூண்டும் உள்ளீடு மட்டுமே எப்போதாவது வருகிறது.

அமிலத்தின் அளவைக் கையால் சரிபார்ப்பது பைகார்பனேட் போல எளிதன்று. பிஎச் மடக்கை அளவு என்பதோடு, தேவைப்படும் அமிலம் காரத்தன்மையையும், குளோரின் வெயிலில் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தையும் பொறுத்து மாறும். ஆயினும் ஒரு குறுக்குச் சோதனை உண்டு. 31.45 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 மோல் அமிலம் கொண்டது. அது 500 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மையை நீக்கும். 75 கன மீட்டரில் இது லிட்டருக்கு 6.7 பிபிஎம். பிஎச் எப்படி ஏறி இறங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. சேர்த்த அமிலத்தின் பதிவையும் காரத்தன்மை அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, காரத்தன்மை ஏன் மீண்டும் மீண்டும் 70-க்குச் சரிந்தது என்பது விளங்கிற்று. தேவைக்கு மேல் ஊற்றப்பட்ட ஒவ்வொரு லிட்டர் அமிலமும் 6.7 பிபிஎம் காரத்தன்மையைத் தின்றது. அதை ஈடுகட்டச் சேர்த்த பைகார்பனேட்டோ கேலன் பிழையால் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. குளத்து நீர் ஒரே இடத்தில் நிற்காமல் அலைந்ததற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம்.

வரம்பை மீறிய எண்ணைக் கேட்காமலே திருத்திக்கொள்ளும் வழக்கம் செயலிகளில் பரவலாக உள்ளது. திரையில் பிழைச் செய்தி வராததால் எல்லாம் சீராக நடப்பதாகத் தோன்றும். வேதிப்பொருளின் அளவைச் சொல்லும் கருவியில் அந்த வழக்கத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 78 என்று படித்தால், 78 என்று படித்ததைத் திரையில் காட்டி, கணக்கை நிறுத்த வேண்டும்.

லாங்கிலியர் எண்ணில் ஒளிந்த இரண்டு பிழைகள்

1936-இல் லாங்கிலியர் வெளியிட்ட குறியீட்டெண், நீர் கால்சியம் கார்பனேட்டைப் படியவிடுமா, கரைக்குமா என்பதைக் காட்டும். பிஎச், வெப்பநிலை, கால்சியம் கடினத்தன்மை, காரத்தன்மை, கரைந்த மொத்தத் திடப்பொருள் ஆகிய ஐந்தும் இதில் நுழைகின்றன. காரத்தன்மையைச் சரிசெய்த பின் எடுத்த சோதனையில் பிஎச் 7.5, வெப்பநிலை 28 செல்சியஸ், கடினத்தன்மை 250, காரத்தன்மை 100, சயனூரிக் அமிலம் 60, கரைந்த திடப்பொருள் 1,000 என்று இருந்தன. கைக்கணக்கில் வந்த விடை −0.13. பொறுப்பாளரின் கைபேசி −0.03 என்றது, பணியாளரின் கைபேசி −0.64 என்றது (இந்தக் கணக்கில் பிஎச் காற்புள்ளிச் சிக்கலின்றி 7.5 ஆகவே படிக்கப்பட்டது). பொதுவாக −0.3-க்கும் +0.3-க்கும் இடைப்பட்ட நீர் சமநிலையில் இருப்பதாகக் கொள்ளப்படுவதால், இரண்டாவது கைபேசி கால்சியம் குளோரைடு சேர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த எண் மடக்கையால் ஆனது என்பதால் விகிதம் பார்ப்பதில் பயனில்லை. வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கேலனைத் தெரிவு செய்தவுடன் செயலி முழு அலகு முறையையும் அமெரிக்க வழக்கத்துக்கு மாற்றியிருந்தது. வெப்பநிலையும் பாரன்ஹீட்டுக்குப் போய்விட்டது. வெப்பமானி காட்டிய 28-ஐப் பணியாளர் உள்ளிட்டார். செயலி அதை 28 பாரன்ஹீட், அதாவது உறைநிலைக்கும் கீழான −2.2 செல்சியஸ் என்று கொண்டது. அதனால் குறியீட்டெண் 0.60 குறைந்தது. திரவ நீரின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கிறதே என்று செயலி ஒரு கேள்வி எழுப்பியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் −0.13-லிருந்து 0.60-ஐக் கழித்தால் −0.73 வரவேண்டும், வந்ததோ −0.64. ஏறத்தாழ 0.10 எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தது. பொறுப்பாளரின் கைபேசியிலும் அதே 0.10 மிகுதி காணப்பட்டது. சோதனையில் அளக்கும் மொத்தக் காரத்தன்மையில் ஒரு பகுதி சயனூரிக் அமிலத்தின் உப்பிலிருந்து வருகிறது. அது கார்பனேட் படிவதில் பங்கு கொள்ளாது. குளநீரின் வழக்கமான பிஎச்-இல் சயனூரிக் அளவின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்த பிறகே கணக்கிட வேண்டும். இங்கு 100-லிருந்து 20 போக, 80. இந்தத் திருத்தம் செயலியில் இருக்கவே செய்தது. சயனூரிக் அமிலத்துக்கான கட்டம் கூடுதல் விவரங்கள் என்ற மறைவான பகுதியில் இருந்ததால் இருவருமே அதை நிரப்பவில்லை. நிரப்பாத கட்டத்தைச் செயலி பூச்சியமாகக் கொண்டது. அளக்காததும் இல்லாததும் ஒன்றல்ல. டைகுளோர், ட்ரைகுளோர் போன்ற நிலைப்படுத்திய குளோரினைச் சேர்க்கும் குளங்களில் இந்தப் பிழை காலப்போக்கில் வளரவும் செய்யும்: டைகுளோரால் குளோரின் ஒரு பிபிஎம் உயரும்போது சயனூரிக் அமிலம் ஏறக்குறைய 0.9 பிபிஎம் உயர்கிறது, ட்ரைகுளோரால் 0.6. காரத்தன்மை 80, சயனூரிக் 90 என்ற நிலைக்கு வந்துவிட்டால் குறியீட்டெண் 0.2 அளவுக்கு மிகைப்படும்.

செயலியின் பிழை அல்லாத ஒரு புகார்

நான்காவது புகார் வேறு வகையானது. 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் 2.77 கிலோ சேர்க்கப்பட்டிருந்தது. 75 கன மீட்டருக்கு அது 24 பிபிஎம் குளோரின். மறுநாள் காலை, குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி சோதனை மாத்திரையைப் போட்டபோது மாதிரி நிறமே கொள்ளவில்லை; பணியாளர் பூச்சியம் என்று உள்ளிட்டார்; செயலி மீண்டும் அதே அளவைக் கேட்டது. கணக்கில் தவறு இல்லை. குளோரின் 10 பிபிஎம்-ஐ வெகுவாகத் தாண்டினால் டிபிடியின் இளஞ்சிவப்பு நிறத்தை அதுவே வெளுத்துவிடும். மிக அதிகம் என்பது எதுவுமில்லை என்பதுபோல் தோன்றும். ஒரு பங்கு மாதிரியோடு குளோரின் இல்லாத நீர் நான்கு பங்கு கலந்து அளந்தபோது 3.6 வந்தது, ஐந்தால் பெருக்க, 18. செயலி சொன்னபடி செய்திருந்தால் குளோரின் 40-ஐத் தாண்டியிருக்கும். இதே மிகைக் குளோரின், பிஎச் அளக்க உதவும் ஃபீனால் ரெட் நிறங்காட்டியையும் கெடுத்து, பிஎச்-ஐ உண்மையைவிட உயர்வாகக் காட்டக்கூடும் என்பதால், அந்த நிலையில் எடுத்த பிஎச் அளவை நம்பி அமிலம் சேர்ப்பதும் ஆகாது.

இதைச் செயலியின் பிழைப் பட்டியலில் சேர்க்க முடியாது. ஆயினும் முந்தைய மாலையில் 24 பிபிஎம்-க்கு உரிய மருந்து சேர்த்த பதிவு அதே செயலியில் இருக்கும்போது, மறுநாள் பூச்சியம் என்ற அளவைக் கேள்வியின்றி ஏற்றதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

செய்த மாற்றங்கள்

பயனர் தரப்பில், இரு கைபேசிகளிலும் பழைய குள விவரம் நீக்கப்பட்டு, கொள்ளளவு 75 கன மீட்டர் என்று புதிதாகப் பதியப்பட்டது. வெப்பநிலை அலகு செல்சியஸாகவும், பணியாளரின் கைபேசியின் எண் வடிவம் தசமப் புள்ளிக்கும் மாற்றப்பட்டன. சயனூரிக் அமிலத்தின் அளவு உள்ளிடப்பட்டது. திரவக் குளோரினுக்குச் செயலி திருத்தப்படும் வரை, வலிமை 12.5-க்குப் பதிலாக அதை 1.16-ஆல் வகுத்த 10.8 உள்ளிடப்பட்டது, விடை 1,197 மில்லிலிட்டர் என்று வந்தது. குறியீட்டெண் இரு கைபேசிகளிலும் −0.13 ஆயிற்று.

செயலியை உருவாக்கியோருக்கு அனுப்பிய அறிக்கையில், கணக்கு தவறாக வருகிறது என்ற பொதுவான வாசகம் தவிர்க்கப்பட்டது. ஒவ்வொரு பிழைக்கும் உள்ளிட்ட எண்கள், அலகு அமைப்பு, கைபேசியின் வட்டார அமைப்பு, கைக்கணக்கின் விடை, செயலியின் விடை, இரண்டின் விகிதம் அல்லது வித்தியாசம் ஆகியவை தரப்பட்டன. கேலன் இரண்டையும் தனித்தனியே பெயரிடுதல், வலிமை எடை அடிப்படையா கன அளவு அடிப்படையா என்று கேட்டல், எண்ணைக் கைபேசியின் வட்டார வழக்கப்படி படித்தல், வரம்பை மீறினால் நிறுத்திக் கேட்டல், வெற்றுக் கட்டத்தை அறியப்படாததாகவே நடத்துதல், கொள்ளளவின் அலகை மாற்றும்போது வெப்பநிலையின் அலகைத் தொடாமல் விடுதல் ஆகிய ஆறும் கோரப்பட்டன. இவற்றுள் வரம்பு மீறலை நிறுத்திக் கேட்பதையே முதலில் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. மற்ற ஐந்தும் திருந்தாமல் இருந்தாலும், மிகையான அமிலம் குளத்தில் இறங்குவதை அந்த ஒன்று தடுத்திருக்கும்.

பைகார்பனேட் 3,780 கிராம், திரவக் குளோரின் 1,200 மில்லிலிட்டர், குறியீட்டெண் −0.13, அமிலம் லிட்டருக்கு 6.7 பிபிஎம் காரத்தன்மை இறக்கம் என்ற நான்கு கைக்கணக்கு விடைகளும் அவற்றுக்கான உள்ளீடுகளோடு குளத்தின் பதிவேட்டில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. செயலியின் புதிய பதிப்பு வரும்போதும் வேறொரு கைபேசிக்கு மாறும்போதும், அந்த உள்ளீடுகளை முதலில் கொடுத்துப் பார்த்து, விடைகள் பொருந்திய பின்னரே அன்றைய அளவைச் செயலியிடம் கேட்பது என்று முடிவாகியுள்ளது.